ஒரு சுற்று கூடுதலாக

கீழத்துறை ஊராட்சி அலுவலகத்தின் உள்சுவரில், சுதந்திர தினத்தன்று கொடியேற்றியவர்களின் பெயர்கள் பச்சைப் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. தாசில்தார், சட்டமன்ற உறுப்பினர், தலைவர், தனி அலுவலர், மறுபடியும் தலைவர் என்று பட்டியல் கூரையைத் தொட்டுவிட்டு, இடம் போதாமல் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அதில் நாகநாதன் பெயர் இல்லை. அவர் ஒருநாளும் கொடி ஏற்றியவரில்லை. முப்பத்தாறு வருஷம் அதைக் கட்டிக்கொடுத்தவர்.

கொடியேற்று விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கொடி முதலில் ஒரு பொட்டலமாகத்தான் கம்பத்தின் உச்சிக்குப் போகும். கீழே நிற்கும் பெரிய மனிதர் கயிற்றை ஒரு தரம் சுண்டி இழுப்பார். பொட்டலம் பிரிந்து, உள்ளே இருக்கும் ரோஜா இதழ்கள் அவர் தலையில் கொட்டும். ஊர் கை தட்டும். அந்த ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான் நாகநாதனின் வேலை. சம்பளம், ஒரு டீயும் பிள்ளைகளுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய ஆரஞ்சு மிட்டாயும்.

அதிராம்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வருகிற ஊர். பாதி வயல், பாதி கடல். காவிரி எல்லா ஊருக்கும் தண்ணீர் கொடுத்து முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் எட்டிப் பார்க்கிற கடைமடை. அரசாங்கமும் ஏறக்குறைய அதே வாய்க்கால் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

நாகநாதன் மீனவர் தெருவைச் சேர்ந்தவர். பாய் கட்டிய வள்ளத்தில் போய்ப் பழகியவர். கடலில் காற்று திடீரென்று புரண்டால், பாயை அந்த நொடியே இறக்கியாக வேண்டும். முடிச்சோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது. அதற்கென்று ஒரு முடிச்சு உண்டு. எவ்வளவு காற்றடித்தாலும் பிடிக்கும், கயிற்றின் வாலை இழுத்தால் உடனே விடும். 1973இல் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தாசில்தார் கொடியை இழுத்து, இழுத்து, சவுக்குக் கம்பமே வளைந்த நேரத்தில், மீன் கூடையை வேலியோரம் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாகநாதன் உள்ளே வந்து, “ஐயா, கயித்த விடுங்க” என்று வாங்கினார். கொடியை இறக்கி, புதிதாகக் கட்டிக் கொடுத்தார். தாசில்தார் இழுத்தார், பூ கொட்டியது. அன்றிலிருந்து ஜனவரியில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள், காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மேஜை அவருடையது.

அந்த நாட்களில் குளித்துவிட்டுத்தான் வருவார். கொடி தரையில் படாமல், மேஜைமேல் வெள்ளை வேட்டி விரித்து மடிப்பார். மடிக்கும்போது பேச மாட்டார். பாட்டுப் பாடி முடியும்வரை பீடி கிடையாது. மற்றபடி தேசம் பற்றி அவரிடம் கேட்டால் பெரிதாக எதுவும் தேறாது.

“கடல்ல போனா அந்தாண்ட அவன் புடிக்கிறான், இந்தாண்ட வந்தா நம்மாளு எங்கடா போயிட்டு வர்றன்னு கேக்குறான். நம்ம தேசம் எங்க முடியுதுன்னு மீனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல” என்பார்.

தெரியாத தேசத்துக்கு எதற்குக் குளித்துவிட்டு வர வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஊரில் இரண்டு கட்சி. பெயர் எதற்கு, பஸ் நிறுத்தத்துக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். கிழக்கில் ஒரு கொடிக்கம்பம், ஒரு டீக்கடை. மேற்கில் அதைவிட அரை அடி உயரமான கொடிக்கம்பம், ஒரு டீக்கடை. கிழக்கில் டீ குடித்தவன் மேற்கில் வடை தின்ன மாட்டான். கல்யாணத்தில்கூடப் பந்தியைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். நாகநாதன் மட்டும் காலையில் மேற்குக் கடையிலும் சாயங்காலம் கிழக்குக் கடையிலும் குடித்தார். கொள்கை ஒன்றும் இல்லை. அந்தந்த நேரத்தில் அந்தந்தப் பக்கம் நிழல்.

நடுவில் ஐந்து வருஷம் ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஊருக்குத் தலைவர் கிடையாது. சண்டை போடக் காரணம் குறைந்ததே தவிர, ஊர் வேறு வித்தியாசம் எதையும் கவனிக்கவில்லை. பிறகு 1996இல் தேர்தல் வந்தது. சட்டப்படி அது கட்சி சார்பற்ற தேர்தல்; ஆகவே இரண்டு கட்சியும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தன. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கிழக்கில் அமலோற்பவம் நின்றார். வயலில் இறங்கி நாற்று நடுகிற குடும்பம், மாதா கோயில் தெரு. மேற்கில் பிரகதாம்பாள் நின்றார் என்று சொல்வதைவிட, நிறுத்தப்பட்டார் என்று சொல்வது சரி. நிறுத்தியவர் அவர் கணவர் தெட்சிணாமூர்த்தி.

பதினோரு ஓட்டில் அமலோற்பவம் ஜெயித்தார். தோற்றதில் நிம்மதியடைந்தவர் மேற்கில் பிரகதாம்பாள் ஒருவர்தான். மற்ற ஊர்களில் பெண் தலைவரின் நாற்காலியில் கணவர்கள் உட்கார்ந்தார்கள். அமலோற்பவத்தின் கணவர் குவைத்தில் இருந்ததால், தலைவர் வேலையை அவரே பார்க்க வேண்டியதாகிவிட்டது. நன்றாகவே பார்த்தார். தெட்சிணாமூர்த்தியால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

தெட்சிணாமூர்த்தியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் அவருடையது. மகன் சவூதியிலிருந்து கூப்பிடுகிறான் என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தாயைக் கூட்டிவந்து உட்கார வைப்பார். விசாவும் அவர் வழியாகத்தான் வரும். ஊரில் ஓடு மாற்றி மாடி கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கைகாட்டி அனுப்பிய பிள்ளைகள் கட்டியவை.

நாகநாதனின் மகன் வசந்தகுமாரின் பாஸ்போர்ட் எட்டு மாதமாக அந்தப் பூத்தின் பீரோவில் இருந்தது. அவனுக்கு இருபத்துமூன்று வயது. இந்தப் பக்கம் விசைப்படகுகள் அரித்தெடுத்துவிட்ட கடல், அந்தப் பக்கம் புதிதாக வெட்டிய இறால் குட்டைகள். நடுவில் ஒரு வள்ளத்தையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சவூதியில் மீன்பிடி படகில் வேலை. வந்துவிடும், வந்துவிடும் என்று தெட்சிணாமூர்த்தி சொல்லிக்கொண்டிருந்தார். பையன் பட்டுக்கோட்டை போய் ஒரு பெட்டிகூட வாங்கிவிட்டான். அதில் இன்னும் எதுவும் வைக்கவில்லை. ஆனால் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்திருந்தான்.

இந்த நிலையில்தான் 1997 ஆகஸ்ட் வந்தது. சுதந்திரத்துக்கு ஐம்பது வயது. பொன்விழா என்பதால் சவுக்குக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் புதுக் கம்பம் நட்டார்கள், உச்சியில் கப்பி வைத்தார்கள். பதினைந்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், மேற்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாகநாதனைத் தெட்சிணாமூர்த்தி பூத்துக்குள் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

“உக்காருங்கண்ணே. வசந்தகுமாருக்கு விசா பேப்பரு வந்தாச்சு. மெட்ராஸ்ல கெடக்கு. ஒரு போன் போட்டா வந்துரும்.”

“அப்படியா தம்பி. நல்லாருப்ப.”

“நான் நல்லாருக்கறது இருக்கட்டும். பொன்விழாவுக்குக் கொடி யாருண்ணே ஏத்துறா?”

“தலைவரம்மாதான்.”

“தலைவரம்மா.” தெட்சிணாமூர்த்தி போனின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். “அண்ணே, நானும் தேசபக்தன்தான். கொடியக் கிழிக்கச் சொல்லல, எரிக்கச் சொல்லல. அப்படிச் சொன்னா என் நாக்கு அழுவிப் போவும். நீங்க போடுற முடிச்சுல ஒரே ஒரு சுத்து கூடப் போடுங்க. அவ்வளவுதான். அந்தம்மா இழுக்கட்டும், வரலன்னு முழிக்கட்டும். அப்பறம் நீங்களே போயி அவுத்து விடுங்க. கொடியும் பறக்கும், எனக்கும் மனசு ஆறும்.”

நாகநாதன் பதில் யோசித்தார். மகனின் பாஸ்போர்ட் இருந்த பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் அந்த ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது. பெண் கேட்டு வந்தவனிடமும், கடன் கேட்டு வந்தவனிடமும், ஓட்டுக் கேட்டு வந்தவனிடமும் அவர்கள் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம் என்பது கேட்டவனுக்கும் தெரியும்.

“பாக்கலாம் தம்பி” என்றார் நாகநாதன்.

தெட்சிணாமூர்த்தியும் அதே ஊர்க்காரர்தான். ஆனால் விசா வைத்திருப்பவரிடம் யாரும் மறுப்பாக அதைச் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. அவர் சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டார்.

பதினைந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு நாகநாதன் ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போனார். தலைமையாசிரியர் லியாகத் அலி மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். கொடி புதிது, இதழ்கள் புதிது, கயிறும் புதிது, நீல நைலான். பழைய பருத்திக் கயிறு பொன்விழாவுக்கு ஏழைத்தனமாக இருக்கிறது என்று ஊராட்சி எழுத்தர் வாங்கி வந்திருந்தார்.

நாகநாதன் கொடியை மடித்தார். இதழ்களை வைத்தார். கயிற்றைச் சுற்றி, கண்ணியைச் செருகினார். வேலை முடிந்தது. எழுந்திருக்க வேண்டியதுதான்.

எழுந்திருக்கவில்லை.

நைலான் வழுக்கும். மேலே போகும்போது தானாக அவிழ்ந்து, ஏற்றுவதற்கு முன்பே கொடி விரிந்துவிட்டால்? தெட்சிணாமூர்த்தி கேட்டது ஊருக்குத் தெரியாது, ஆனால் நாகநாதனுக்குத் தெரியும். இன்றைக்கு எது தவறினாலும் அது தானாகத் தவறியதாக இருக்காது. யாராவது வந்து முடிச்சைத் தொட்டுவிட்டால்? இருபத்து நான்கு வருஷத்தில் அந்த முடிச்சை அவர் சந்தேகத்தோடு பார்த்தது அன்றுதான். படகில் நைலான் கயிறு என்றால் பிடிமானத்துக்கு என்ன செய்வார்களோ, அதை அவர் கை தானாகச் செய்தது.

ஒரு சுற்று கூடப் போட்டது.

எட்டு மணிக்கு ஊர் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தது. கொடிக்கம்பத்துக்குக் கிழக்கே கிழக்கு, மேற்கே மேற்கு. நடுவில் பிள்ளைகள். அமலோற்பவம் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் வந்து கயிற்றைப் பிடித்தார். லியாகத் அலி பிள்ளைகளைப் பார்த்துக் கையை உயர்த்தி நின்றார். இருபத்து நான்கு வருஷமாக அந்த முடிச்சு ஒரு தரம்கூட ஏமாற்றியதில்லை என்பதால், யாரும் மேலே பார்ப்பதில்லை. தலைவர் கை கீழே வந்தால் ஆசிரியர் கை கீழே வரும், பாட்டுத் தொடங்கும். அன்றும் தலைவர் கை கீழே வந்தது. ஆசிரியர் கை கீழே வந்தது. நூற்றுநாற்பது பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தொடங்கினார்கள்.

கொடி விரியவில்லை.

பாட்டு நடக்கும்போது அசையக் கூடாது. அமலோற்பவம் இழுத்த கயிறு இழுத்தபடியே கையில் இருக்க, மேலே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி இழுத்தால் அசைந்ததாகிவிடும். நாகநாதன் பிள்ளைகளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றார். கண்ணி தன்னையே கடித்துக்கொண்டிருக்கிறது என்று கீழிருந்தே அவருக்குத் தெரிந்தது. போய் ஒரு உதறு உதறினால் போதும். போக முடியாது. மேற்கில் தெட்சிணாமூர்த்தி விறைப்பாக நின்றார். சிரிப்பு வந்து உதட்டோரம் காத்திருந்தது, ஆனால் அவரும் அதை வெளியே விடவில்லை. கிழக்கில் நின்றவர்களுக்குக் கோபம் கழுத்துவரை வந்து அங்கேயே நின்றது. ஒரு காகம் வந்து கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து, அந்தப் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தது. அதை விரட்டவும் ஆளில்லை.

ஐம்பத்திரண்டு விநாடி. அந்த ஊர் எதிலாவது முழுக்க ஒத்துப்போனது என்றால் அந்த ஐம்பத்திரண்டு விநாடிதான். வெட்கம், கோபம், சிரிப்பு எல்லாவற்றையும் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, எல்லாரும் நின்றார்கள்.

ஐம்பத்து மூன்றாவது விநாடியில் விட்டுவிட்டார்கள்.

“பதினோரு ஓட்டுக்கு இவ்வளவுதான் விரியும்!” என்றது மேற்கு.

“எவன்டா முடிச்சப் போட்டது? எவன்கிட்டடா வாங்கித் தின்ன?” என்றது கிழக்கு.

நாகநாதன் ஓடினார். கயிற்றை வாங்கி, பொட்டலத்தை இறக்கி, தரையில் படாமல் தோளில் தாங்கி, எல்லார் முன்னிலையிலும் அவிழ்த்துக் கட்டினார். அமலோற்பவம் மறுபடி இழுத்தார். கொடி விரிந்தது, ஆனால் இதழ்களில் பாதி முதலிலேயே நாகநாதன் தோளில் உதிர்ந்துவிட்டிருந்தன. யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் கிழக்குக் கடையில் நாகநாதனுக்கு டீ ஆற்றியவன் டம்ளரைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தான்.

“தவறிப் போச்சுப்பா. நைலானு. நாந்தான் ஒரு சுத்து கூடப் போட்டுட்டேன்” என்றார்.

“யாருகிட்டண்ணே கதை சொல்றீங்க? நீங்க போட்ட முடிச்சு தவறுமா?”

பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: “கடல்ல புயல்ல தவறாத முடிச்சு, பள்ளிக்கூடத்து மைதானத்துல தவறுதாம்.”

இருபத்து நான்கு வருஷம் தவறாமல் செய்ததுதான் அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. வேலை தெரியாதவன் என்றால் மன்னித்திருப்பார்கள்.

வீட்டில் வேறு விதமான விழா நடந்துகொண்டிருந்தது. வசந்தகுமார் பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தெட்சிணாமூர்த்தி ஆள் அனுப்பியிருந்தார்: விசா வந்தாச்சு, திங்கட்கிழமை மெட்ராஸ் போகணும்.

“நீ போவ வேணாம்” என்றார் நாகநாதன்.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பையன் திரும்பினான். தெட்சிணாமூர்த்தி கேட்டதை, தான் ‘பாக்கலாம்’ என்றதை, கை தானாகச் செய்ததை எல்லாம் அவர் சொன்னார். மனைவி ராசம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“நீ வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும்” என்றான் மகன்.

“உனக்குத் தெரியும். ஊருக்கு?”

“ஊரு எனக்குச் சோறு போடுமா?”

“நீ ஏரோப்ளேன் ஏறுனா, அது எதுக்குக் கெடச்சுதுன்னு கம்பத்துல எழுதி ஒட்டுன மாதிரி ஆயிரும்டா. அந்தக் கொடிய வித்து உன்ன அனுப்புனேன்னு ஆயிரும்.”

“விக்கலல்ல? அப்பறம் என்ன? நீ தப்பாப் போட்ட முடிச்சுக்கு நான் ஏம்ப்பா போவாம இருக்கணும்?”

இன்றுவரை அதற்கு நல்ல பதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

“ஏங்க, பையன் சொல்றது ஞாயந்தானே” என்றாள் ராசம்மாள்.

“ஞாயந்தான்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு பூத்துக்குப் போனார்.

தெட்சிணாமூர்த்தி எழுந்து நின்று வரவேற்றார். “வாங்கண்ணே! சும்மா சொல்லக் கூடாது. ஒரு சுத்துன்னு சொன்னேன், ஒரு சுத்தே போட்டீங்க.”

“தம்பி, நான் உனக்காகப் போடல. பயத்துல போட்டேன். தப்பாயிருச்சு. அந்தப் பாஸ்போர்ட்டக் குடுத்துரு.”

“எதுக்குண்ணே இந்த அடக்கம்?”

“அடக்கம் இல்ல தம்பி. முடியாது.”

கீழத்துறையில் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட அந்த வார்த்தையைக் கேட்டு, தெட்சிணாமூர்த்தி மேஜையில் சாவியைத் தேடினார். பிறகு பீரோவைத் திறந்தார்.

“பையன் வாழ்க்கைண்ணே. நான் அதக் கெடுத்தேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன். நான்தான் கெடுக்கறேன்” என்று பாஸ்போர்ட்டை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

விசாவை வேண்டாம் என்றுவிட்டால் ஊருக்குப் புரிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். ஊரைப் பற்றி அவ்வளவு வயதுக்குப் பிறகும் அப்படி நினைத்தது ஆச்சரியம்தான். விலை படியாமல் போய்விட்டது என்றது கிழக்கு. வேலையைச் செய்துவிட்டு உத்தமன் வேஷம் போடுகிறான் என்றது மேற்கு. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்தன: நாகநாதனை நம்பக் கூடாது.

அமலோற்பவம் ஒருநாள் வயலிலிருந்து நேரே, சேற்றுக் காலோடு, அவர் வள்ளத்தருகே வந்தார்.

“அண்ணே, நான் ஒண்ணுதான் கேக்குறேன். தவறிப் போச்சா, தவற விட்டீங்களா?”

“தவறிப் போச்சும்மா.”

அமலோற்பவம் அவரையே பார்த்தார். “அன்னைக்கு அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள எங்க வூட்டுக்காரருக்கு ஆறு லெட்டர் எழுதிட்டேன் மனசுக்குள்ள. சரி. ஜனவரிக்கும் நீங்கதான் கட்டணும்.”

“நம்புறீங்களா?”

“தெரியலண்ணே. நம்பணும்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வசந்தகுமார் அந்த வாரமே திருப்பூர் போனான், அதே பெட்டியோடு. பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற வேலை. அவன் ஒட்டிய பெட்டிகள் எல்லாம் கப்பல் ஏறின.

ஜனவரியில் பிரச்சினை மறுபடி வந்தது. நாகநாதன் கட்டக் கூடாது என்றார்கள் இரண்டு பக்கமும். சரி, வேறு யார்? கிழக்கு சொன்ன ஆளை மேற்கு ஏற்கவில்லை. மேற்கு சொன்ன ஆளைக் கிழக்கு ஏற்கவில்லை. லியாகத் அலி இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவரே கட்டட்டும். நீங்க ஆளுக்கொருத்தரப் பக்கத்துல உக்கார வைங்க. ரெண்டு பேரும் கண் கொட்டாமப் பாத்துக்கட்டும்.”

திருடனைக் காவல் காப்பதுபோல உட்கார வைத்துக் கட்டச் சொல்கிறார்கள், போகாதீர்கள் என்று ராசம்மாள் அழுதாள்.

“அவனுவ மேல கோவம்னா கொடி என்ன பண்ணிச்சு?” என்று குளிக்கப் போய்விட்டார் நாகநாதன்.

கிழக்கிலிருந்து கிளாட்சன் வந்தான். அமலோற்பவத்தின் சொந்தக்காரப் பையன், டிராக்டர் ஓட்டுகிறவன். மேற்கிலிருந்து கலந்தர் வந்தார்; மீன் ஏலம் எடுப்பவர், யார் எடை போட்டாலும் தராசை ஒருமுறை தட்டிப் பார்ப்பவர். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நாகநாதனின் விரல்களைப் பார்த்தார்கள். மடிப்பு, இதழ், சுற்று, கண்ணி. ஒரே ஒரு சுற்று. எட்டு மணிக்கு அமலோற்பவம் இழுத்தார், கொடி விரிந்தது. நாகநாதன் மேலே பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தார்.

ஆகஸ்டிலும் அவர்கள் வந்தார்கள். அடுத்த ஜனவரியிலும். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த தேர்தலில் மேற்கு ஜெயித்தது, அதற்கடுத்ததில் கிழக்கு. ஒரு தேர்தலில் கிளாட்சனின் மண்டை உடைந்தது. கலந்தரின் பெயர் அந்த வழக்கில் மூன்றாவதாக இருந்தது. பட்டுக்கோட்டை கோர்ட்டில் வாய்தா நடந்துகொண்டிருக்கும்போதே, வருஷத்தில் இரண்டு நாள் காலை ஆறு மணிக்கு, அந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே முடிச்சைப் பார்த்தார்கள். நாலைந்து வருஷம் கழித்து கிளாட்சன் கிழக்குக் கடையிலிருந்து தூக்கில் டீ கொண்டுவந்தான். கலந்தர் மேற்குக் கடை வடையைப் பொட்டலமாகக் கொண்டுவந்தார். எடுத்துக்கொள் என்று இருவரும் சொல்லவில்லை. நடுவில் வைத்தார்கள். கடைசியில் இரண்டும் காலியாகியிருக்கும்.

வசந்தகுமார் திருப்பூரிலேயே கல்யாணம் செய்துகொண்டான். பொங்கலுக்கு வருவான். அப்பாவுக்கு வேட்டி எடுத்துவருவான். முடிச்சைப் பற்றிப் பேச மாட்டான். மாடி வீடுகளைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பான்.

2009 ஆகஸ்டில் நாகநாதனுக்கு அறுபத்து நான்கு வயது. கண்ணில் புரை, விரல்களில் வாதம். அந்த வருஷம் வசந்தகுமார் விடுப்பில் வந்திருந்தான்; அப்பாவைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடம்வரை கூட்டிவந்து கதவோரம் நின்றான். லியாகத் அலி ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. மேஜை அதேதான். வேட்டியை விரித்தார். மடித்தார். இதழ் வைத்தார். ஒரு சுற்று சுற்றினார். பிறகு, பேசாமல், மெதுவாக, இரண்டாவது சுற்றுக்குக் கையைக் கொண்டுபோனார்.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் வந்து அவர் கையைப் பிடித்தன.

“மாமா, ஒண்ணு போதும்” என்றான் கிளாட்சன்.

“ரெண்டாவது வேணாம்ண்ணே, கடிச்சுக்கும்” என்றார் கலந்தர்.

நாகநாதன் இருவரையும் பார்த்தார். கயிற்றின் வாலை மேஜைமேல் வைத்தார். எழுந்து வெளியே போய், பள்ளிக்கூட மதிலோரம் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். பாட்டுப் பாடுவதற்கு முன் அவர் பீடி பிடித்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

உள்ளே கண்ணியை யார் செருகுவது என்று கொஞ்ச நேரம் தகராறு கேட்டது. பிறகு கேட்கவில்லை.

எட்டு மணிக்குள் ஊர் கூடிவிட்டது. நாகநாதன் மதிலோரத்தை விட்டு எழவில்லை. இரண்டாவது பீடி. வசந்தகுமார் பக்கத்தில் வந்து குந்தினான்.

“அப்பா.”

“ம்.”

“அந்த ரெண்டாவது சுத்துக்குக் கண்ணு தெரியாமக் கையக் கொண்டுபோனியா, வேணும்னே கொண்டுபோனியா?”

நாகநாதன் மகன் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். அப்போது மைதானத்தில் கயிறு சுண்டும் சத்தம் கேட்டது. நீலக் கயிற்றின் உச்சியில் கொடி ஒரே இழுப்பில் விரிந்து, இதழ்கள் காற்றில் கிழக்கும் மேற்குமாகச் சிதறின. பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். நாகநாதன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நேராக நின்றார். வசந்தகுமாரும் நின்றான்.

ஐம்பத்திரண்டு விநாடி பேசக் கூடாது. அதற்குப் பிறகும் அவர் பேசவில்லை.